வைஃபை யார் பெயரில்?

பத்து காஜா வட்டாரத்துக்குத் தமிழ்ப் படம் வந்து சேர்ந்த வழிகளை எழுதிப் பார்க்கிறேன். தோட்டத்து லயங்களில் வாடகை வீடியோ கேசட். பிறகு பாசார் மாலாமில் பிளாஸ்டிக் உறை போட்ட விசிடி. 2001-இல் ஸ்ட்ரீமிக்ஸ் இணைப்பு வந்தது. கணினி இருந்த வீட்டுப் பிள்ளைகள் கஸா, லைம்வயர் என்று தேட ஆரம்பித்தார்கள். 2010-இல் யூனிஃபை. கூடவே டோரண்ட். இப்போது டெலிகிராம் குழுக்கள். கேசட் வாங்கியவர் வாங்கியதோடு சரி. லைம்வயர் காலத்திலிருந்து வாங்குகிறவரே கொடுக்கிறவராகவும் ஆகிவிட்டார். படம் பார்த்தவர்கள் யாரும் இதைக் கவனிக்கவில்லை. சட்டம் கவனிக்கிறது.

*

டோரண்ட் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் இதைப் பேச முடியாது. அமெரிக்கர் பிராம் கோஹன் 2001-இல் வெளியிட்ட முறை அது. ஒரு கோப்பு ஒரே இடத்திலிருந்து முழுதாக வருவதில்லை; சிறு சிறு துண்டுகளாக, முகம் தெரியாத பலருடைய கணினிகளிலிருந்து வருகிறது. ஒரு துண்டு நம்மிடம் வந்து சேர்ந்ததும் அதை அடுத்தவருக்கு அனுப்பும் வேலையையும் நம் கணினி தொடங்கிவிடும். யாரும் பொத்தானை அழுத்தத் தேவையில்லை. படம் முழுதாக இறங்கிய பிறகும் மென்பொருளை மூடும்வரை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

அந்தக் கூட்டத்தில் இருக்கும் எல்லாருக்கும் மற்றவர்களின் ஐபி முகவரி தெரியும். புலனாய்வாளரும் ஒரு கணினியோடு அதே கூட்டத்தில் நின்று பட்டியல் எடுக்கலாம். பல நாடுகளில் எடுக்கிறார்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் என்ற நீண்ட எண் கணக்கிடப்படுகிறது. கோப்பின் பெயரை மாற்றினாலும் அந்த எண் மாறாது. ரஜினி படத்தின் பெயரை ஒட்டி வேறெதையோ உலவ விட்டால், அந்தப் பெயரை நம்பி ஏமாறுகிறவர் தரவிறக்குகிறவர் மட்டும்தான். புலனாய்வாளர் பெயரைப் பார்ப்பதே இல்லை, எண்ணைப் பார்க்கிறார்.

மொத்தமாகக் கட்டிப் போட்ட டோரண்டுகளில் இன்னும் ஒரு சிக்கல். நூறு கோப்புகளில் ஒன்றை மட்டும் டிக் செய்து எடுத்தாலும், பழைய முறையில் ஒரு துண்டு இரண்டு கோப்புகளின் எல்லையில் அமைவது உண்டு. அதனால் நாம் கேட்காத பக்கத்துக் கோப்பின் ஒரு பகுதியும் கூடவே வந்து வட்டில் உட்கார்ந்துகொள்ளும்.

*

ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கோயில் பக்கம் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். ஒரு பையன் கேட்டான்: “அண்ணே, புதுப் படம்னு இறக்குனேன். உள்ள பார்த்தா வேற என்னமோ அசிங்கம். டிலிட் பண்ணிட்டேன். முடிஞ்சிருச்சில்ல?”

“யாருக்கும் அனுப்புனியா தம்பி?”

“இல்லண்ணே. நான் ஏன் அனுப்புறேன்?”

அவன் பொய் சொல்லவில்லை. அவன் யாருக்கும் அனுப்பவில்லை. அவனுடைய கணினி அனுப்பியதா என்பது அவனுக்குத் தெரியாது. இந்தக் குறிப்புகளை எழுத வைத்தது அந்த இடைவெளிதான்.

*

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் பலர் அறியாத ஒன்று: மலேசியாவில் வயது வந்தவர்களின் ஆபாசப் படத்தைக் கையில் வைத்திருப்பதே குற்றம். விற்க வேண்டியதில்லை, யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. 2002-ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. தண்டனை குறைந்தது 10,000 வெள்ளி அபராதம், கூடினால் 50,000, அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குற்றவியல் சட்டத்தின் 292-ஆவது பிரிவும் இருக்கிறது, அதில் மூன்று ஆண்டு வரை.

தணிக்கைச் சட்டம் என்ற பெயரைக் கேட்டதும் சினிமா தியேட்டர்காரர்களுக்கானது என்று நினைத்துவிடுகிறோம். நடைமுறையில் அந்த 5-ஆவது பிரிவு அதிகம் காதில் விழுவது கைப்பேசியில் கிடந்த வீடியோக்களுக்காக. வேறு ஏதோ காரணத்துக்காக ஒருவரைப் பிடிக்கிறார்கள், கைப்பேசியைத் திறந்து பார்க்கிறார்கள், வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட வீடியோ படத்தொகுப்பில் தானாகச் சேர்ந்திருக்கிறது. முதல் குற்றச்சாட்டு கைவிடப்பட்டாலும் இது நிற்கும்.

குறைந்தபட்ச அபராதமே 10,000 வெள்ளி. தோட்டம் மூடி, தாமான் வீட்டுக்கு வந்து, தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு அது எத்தனை மாதச் சம்பளம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

*

குழந்தைகள் சம்பந்தப்பட்டது என்றால் கதையே வேறு.

2017-ஆம் ஆண்டின் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், சட்டம் 792. அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் ரிச்சர்ட் ஹக்கிள் என்ற பிரிட்டிஷ்காரருக்கு லண்டன் நீதிமன்றம் 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. மலேசியாவில் ஏழைக் குடியிருப்புகளுக்குள் நல்லவர் வேடத்தில் புகுந்து பல ஆண்டுகள் குழந்தைகளைச் சீரழித்தவர்; அதைப் படமெடுத்து இணையத்தின் இருட்டு மூலைகளில் பகிர்ந்தவர். நம் நாட்டுக் குழந்தைகளுக்கு நடந்ததை நாம் லண்டன் நீதிமன்றச் செய்தியாகப் படித்தோம். அந்த அதிர்ச்சிக்குப் பின்தான் இங்கே சட்டம் வேகம் எடுத்தது.

அதன் 10-ஆவது பிரிவு: அத்தகைய படத்தை அணுகினாலோ, கைவசம் வைத்திருந்தாலோ, கட்டுப்பாட்டில் வைத்திருந்தாலோ ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 8-ஆவது பிரிவு பரப்புவது பற்றியது: பத்து ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. அதில் அனுப்புவது, விற்பது மட்டுமல்ல, எந்த வகையிலும் பிறருக்குக் கிடைக்கும்படி செய்வதும் அடங்கும். டோரண்ட் செய்யும் வேலை அதுதானே? கைவசம் என்ற குற்றத்தோடு நிற்க வேண்டியது பரப்பல் என்ற குற்றமாக வளர்வதற்கு அந்தத் தானியங்கி அனுப்பலே போதும் என்று அரசுத் தரப்பு வாதிட இடமிருக்கிறது.

18 வயது நிறையாத எவரும் இந்தச் சட்டத்தில் குழந்தைதான். வரைந்த படமும் எழுத்தும் ஒலியும்கூட இதில் அடங்கும். பதினாறு வயதுப் பையன் தன் வகுப்புப் பெண்ணின் அந்தரங்கப் படத்தை நண்பனுக்கு அனுப்பினால், அதை வாங்கி வைத்திருக்கும் நண்பனும் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறான். இடைநிலைப் பள்ளி வாட்ஸ்அப் குழுக்களை நினைத்தால் எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

இந்தச் சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பது சரி. அந்தப் படங்களில் இருப்பவை நிஜக் குழந்தைகள். ஒவ்வொரு முறை அந்தக் கோப்பு கைமாறும்போதும் அந்தக் குழந்தைக்கு நடந்தது மறுபடி நடக்கிறது. தவறி இறங்கியவர்களின் கஷ்டத்தை எழுதும்போது இதை மறந்துவிடக் கூடாது என்று தனியாகக் குறித்துவைக்கிறேன்.

*

சென்னை வழக்கு. 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கைப்பேசியில் இத்தகைய வீடியோக்களைத் தரவிறக்கி வைத்திருந்த ஓர் இளைஞர் மீதான வழக்கை ரத்து செய்தது. யாருக்கும் அனுப்பாமல் தனியே பார்த்தது குற்றமாகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். குழந்தை உரிமை அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தன. அதே ஆண்டு செப்டம்பர் 23-இல் தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி பர்திவாலா அமர்வு அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. வைத்திருப்பதே குற்றம்; வட்டில் பதிந்து வைக்காவிட்டாலும், தன் கட்டுப்பாட்டில் இருப்பது தெரிந்தே பார்த்தால் அதுவும் கைவசம்தான் என்றது.

இந்தியச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வாசகம் உண்டு. போக்சோ சட்டத்தின் 15-ஆவது பிரிவு அத்தகைய படத்தை வைத்திருப்பவரிடம் அழிக்க வேண்டும், அல்லது உரிய அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையைச் சுமத்துகிறது. அதாவது, தவறி வந்தவருக்கு வெளியே போக ஒரு கதவை அந்தச் சட்டமே காட்டுகிறது. நம் சட்டம் 792-இலும் 19-ஆவது பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் தராதவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் என்கிறது. ஆனால் தகவல் தருகிறவர் தானே மாட்டிக்கொள்வாரோ என்று பயந்தால் அவருக்கு என்ன உறுதி? அதைத் தெளிவாக எழுதி வைக்க வேண்டும். தவறி வந்ததை உடனே தெரிவித்தவர் மீது வழக்கு இல்லை என்று நாடாளுமன்றம் ஒரு வரி சேர்த்தால், இன்று பயத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கும் பலர் முன்வருவார்கள். குழந்தைகளைத் தேடும் வேலையும் சுலபமாகும்.

*

திருட்டுப் படம். இதைச் சுருக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ஊரில் பயம் முழுக்க இதைப் பற்றித்தான், அபாயம் இதில்தான் குறைவு. 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் விற்பவரையும் பரப்புகிறவரையும்தான் குறிவைக்கிறது. சொந்த, வீட்டுப் பயனுக்காக வைத்திருப்பதை அதன் கைவசக் குற்றப் பிரிவு விலக்கி வைத்திருக்கிறது. 2022 மார்ச்சில் வந்த திருத்தம் திருட்டு ஸ்ட்ரீமிங் பெட்டிகளையும் செயலிகளையும் விற்று அமைத்துக் கொடுப்பவர்களுக்கு 2,00,000 வெள்ளி வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை என்கிறது. வேலைக்குப் போகாத தம்பிகள் இந்தப் பெட்டிகளை நாலு வீட்டில் மாட்டிக் கொடுத்துக் காசு பார்க்கிறார்கள். அவர்களுக்கு யாராவது இதைச் சொல்லுங்கள். 2011-இல் தகவல் தொடர்பு ஆணையம் பத்து கோப்புப் பகிர்வுத் தளங்களை முடக்கியது. படம் எடுப்பது நிற்கவில்லை; இடம்தான் மாறியது.

*

அடுத்தது நம் சமூகத்தை நேராகத் தொட்ட வழக்கு.

2019 அக்டோபரில் பன்னிரண்டு மலேசியத் தமிழர்கள் கைது செய்யப்பட்டார்கள். விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று குற்றச்சாட்டு. காடேக் சட்டமன்ற உறுப்பினர் சாமிநாதனும் சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் குணசேகரனும் அதில் இருந்தார்கள். மற்றவர்கள் சாதாரணக் குடும்பஸ்தர்கள். சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றங்கள் சட்டத்தில் பிடித்ததால் பிணை கிடைக்கவில்லை. குற்றச்சாட்டுகளில் ஒன்று குற்றவியல் சட்டத்தின் 130ஜேபி பிரிவு: பயங்கரவாதக் குழுவோடு தொடர்புடைய பொருளைக் கைவசம் வைத்திருத்தல். ஏழு ஆண்டு வரை சிறை. அந்தப் ‘பொருள்’ கைப்பேசிகளில் இருந்த படங்கள்.

2014-லிருந்து அந்த இயக்கம் மலேசியாவின் தடைப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் இலங்கைப் போர் முடிந்த 2009 மே மாதத்தை அடுத்து எத்தனை தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில், எத்தனை நினைவு நாள் செய்திகளில் அந்தப் படங்கள் வந்து விழுந்தன! யார் அனுப்பினார், யார் திறந்தார், யார் திறக்காமலே விட்டார் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. கைப்பேசி மட்டும் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தது.

2020 பிப்ரவரி 21-இல் சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ் பன்னிரண்டு பேர் மீதான வழக்கையும் கைவிட்டார். தான் மதிக்கும் தலைவரின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருப்பது ஒருவரைப் பயங்கரவாதியாக்கிவிடாது என்ற கருத்தை விளக்கமாக எழுதினார். நல்ல முடிவு. ஆனால் அதற்குள் நான்கு மாதங்களுக்கு மேல் போய்விட்டன. தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று. அந்த நாட்களை எந்த அறிக்கையும் திருப்பித் தராது.

எல்லாருக்கும் இந்த முடிவு கிடைப்பதில்லை. 2017-இல் மலாயாப் பல்கலைக்கழக முன்னாள் மாணவி ஒருவருக்கு இதே பிரிவில் ஐந்து ஆண்டு சிறை. அவரிடம் இருந்தவை 12 புத்தகங்கள். அவை தடை செய்யப்பட்டவை அல்ல என்று அவர் தரப்பு சொன்னது.

*

இதே பத்து காஜா சிறையில்தான் ஜப்பானியர் காலத்தில் சிபில் கார்த்திகேசு அடைக்கப்பட்டார். பாப்பான் ஊரில் மருத்துவத் தாதி. எதிர்ப்புப் போராளிகளுக்கு மருந்து கொடுத்தார், சிற்றலை வானொலியில் பிபிசி கேட்டார். அன்று அப்படிப்பட்ட வானொலிப் பெட்டி கைவசம் இருப்பதே குற்றம். அவர் தெரிந்தே வைத்திருந்தார், தெரிந்தே தண்டனையை ஏற்றார். தெரிந்தே செய்பவரின் துணிவுக்கும் தெரியாமல் மாட்டுபவரின் தவிப்புக்கும் உள்ள தூரத்தைச் சட்டம் அளந்து பார்க்க வேண்டும். அளக்க அதற்குத் தெரியும். ஆனால் நேரம் எடுத்துக்கொள்ளும்.

*

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 2012 ஜூலை 31 முதல் 114ஏ என்ற பிரிவு நடப்புக்கு வந்தது. ஓர் இணையச் சந்தாவிலிருந்து ஏதேனும் வெளியிடப்பட்டால், அந்தச் சந்தாவைத் தன் பெயரில் பதிந்திருப்பவரே வெளியிட்டவர் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஒரு கணினியிலிருந்து வெளியிடப்பட்டால், அந்தக் கணினியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர். இல்லை என்றால் இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். அந்த ஆகஸ்ட் 14-இல் பல இணையத்தளங்கள் திரையைக் கருப்பாக்கி எதிர்ப்புத் தெரிவித்தன. பிரிவு அப்படியே இருக்கிறது.

நம் வீடுகளில் யூனிஃபை யார் பெயரில்? அப்பா பெயரில். அப்பா இல்லாத வீட்டில் அம்மா பெயரில். பால்மரம் வெட்டி ஓய்ந்த கை, குறுஞ்செய்தி படிக்கப் பேரனைக் கூப்பிடும் கை. பில் அவருக்கு வரும். ஐபி முகவரியைத் தேடிப் போகும் கடிதமும் அவர் பெயருக்குத்தான் போகும். மாடியில் வாடகைக்கு இருக்கும் பையன், விடுமுறைக்கு வந்த அக்கா மகன், பாஸ்வர்டு கேட்டு வாங்கிக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர், இவர்களில் யார் செய்தாலும் அனுமானம் முதலில் விழுவது அந்த ஓய்வு பெற்றவர் மேல். வீட்டில் இணையத்தைப் பற்றி மிகக் குறைவாகத் தெரிந்தவர் எவரோ, அவர் தலையில் சட்டம் மிக அதிகப் பொறுப்பை வைக்கிறது. இது நியாயமில்லை என்று நான் நினைக்கிறேன். ஒருவர் குற்றவாளி என்று நிரூபிப்பது அரசின் வேலை. அந்த வேலையைக் கணினி வழக்கில் மட்டும் சந்தாதாரரிடம் தள்ளிவிட்டார்கள்.

சிம் கார்டும் இதே மாதிரிதான். 2006-லிருந்து ப்ரீபெய்டு எண்ணுக்கும் அடையாள அட்டைப் பதிவு வேண்டும். உதவி என்று நினைத்துத் தன் அட்டையில் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு சிம் எடுத்துக் கொடுத்தவர்கள் ஊரில் உண்டு. தயவு செய்து கொடுக்காதீர்கள்.

*

ஆனால் நம்பிக்கை இழக்க வேண்டாம். கைவசம் என்றால் வெறுமனே பொருள் அங்கே இருப்பது மட்டுமல்ல. அது இருப்பது தெரிந்திருக்க வேண்டும், அதைத் தன்னுடையதாக வைத்துக்கொள்ளும் எண்ணம் இருக்க வேண்டும். 1956-இல் சான் பீன் லியோன் வழக்கில் நீதிபதி தாம்சன் இதை விளக்கினார். போதைப்பொருள் வழக்குகளில் இன்றும் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். தெரிந்திருந்தது என்பதை நேரடியாக நிரூபிக்க முடியாது, சூழ்நிலையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில்தான்.

அதனால் சூழ்நிலைதான் எல்லாம். எத்தனை கோப்பு, எந்தப் பெயரிட்ட அடைவில், எத்தனை முறை திறக்கப்பட்டது, என்ன சொல் தேடப்பட்டது, எந்த நேரத்தில், அப்போது வீட்டில் யார் இருந்தார். ஆயிரம் படங்களை வகைபிரித்து அடுக்கி வைத்தவருக்கும், தரவிறக்க அடைவில் திறக்காமலே கிடக்கும் ஒரு கோப்பு வைத்திருப்பவருக்கும் வித்தியாசம் தெரியும். தடயவியலாளருக்கு அதைக் காட்டவும் தெரியும், யாராவது கேட்டால். கேட்பதற்குத்தான் வழக்கறிஞர் வேண்டும்.

இங்கிலாந்தில் இரண்டு தீர்ப்புகள். 2000-இல் அட்கின்ஸ் வழக்கு: உலாவி தானாகச் சேமித்த படங்கள் தன் கணினியில் இருப்பதே ஒருவருக்குத் தெரியாது என்றால் அது கைவசம் ஆகாது. 2006-இல் போர்ட்டர் வழக்கு: அழித்துவிட்ட படத்தைத் திரும்ப எடுக்கும் வழி அவர் கையில் இல்லையென்றால், அது அவர் கட்டுப்பாட்டில் இருப்பதாகச் சொல்ல முடியாது. நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் வாதத்தில் எடுத்து வைக்கலாம்.

*

அமெரிக்காவில் நடந்த மூன்று.

கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில் ஓர் இளைஞர், லைம்வயரில் பெரியவர்களின் படம் தேடியபோது குழந்தைகளின் படங்கள் வந்து இறங்கின, பார்த்ததும் அழித்துவிட்டேன் என்றார். சுமார் ஓராண்டு கழித்து எஃப்பிஐ வீட்டுக்கு வந்தது. அவர் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து அழித்த படங்களை மீட்டெடுத்தது. 2009-இல் அது பெரிய செய்தி. அழித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்த அந்தக் கோயில் வாசல் பையனுக்கு நான் சொன்னது இந்தக் கதைதான். லைம்வயரை மறு ஆண்டு அக்டோபரில் நியூயார்க் நீதிமன்றம் நிறுத்த வைத்தது. அதன் காரணம் பாட்டு நிறுவனங்களின் பதிப்புரிமை, குழந்தைகள் அல்ல.

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ, 2011 மார்ச். விடியற்காலையில் ஆயுதத்தோடு அதிகாரிகள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தார்கள். வீட்டுக்காரர் வைஃபைக்குப் பாஸ்வர்டு போடாமல் விட்டிருந்தார். உண்மையில் தரவிறக்கியவர் அக்கம்பக்கத்து ஆள். பின்னால்தான் அவரைப் பிடித்தார்கள்.

மாசசூசெட்ஸில் ஓர் அரசு ஊழியருக்கு 2007-இல் வேலை போனது. அலுவலக மடிக்கணினியில் குழந்தைகளின் ஆபாசப் படங்கள். வழக்கும் வந்தது. அவர் குடும்பம் தன் செலவில் நிபுணரை வைத்து ஆராய்ந்தது. மடிக்கணினியில் தீங்கு நிரல்கள் புகுந்திருந்தன, மனிதக் கை படாமலே படங்கள் வந்திருக்கின்றன என்று தெரிந்தது. 2008-இல் வழக்கு வாபஸ். நிபுணருக்குக் கொடுக்கக் காசில்லாதவர் என்ன செய்திருப்பார்?

*

மேகச் சேமிப்பு. கைப்பேசியில் விழுகிற படமெல்லாம் தானாக மேலே ஏறும்படி வைத்திருக்கிறோம். அங்கே கூகுளும் மற்றவர்களும் ஹாஷ் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால் அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையத்துக்குத் தெரிவிக்கிறார்கள். அந்த மையம் எந்த நாட்டு ஐபி முகவரியோ அந்த நாட்டுக் காவல் துறைக்கு அனுப்புகிறது. இங்கே புக்கிட் அமான் போலீஸ் தலைமையகத்தில் டி11 பிரிவு அதைக் கையாள்கிறது. 2019-இல் இந்தியாவும் அந்த மையத்தோடு ஒப்பந்தம் செய்தது. அந்த டிசம்பரிலேயே திருச்சியில் ஒருவர் கைதானார், தமிழ்நாடே கைப்பேசியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

2021-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு தகப்பன், மருத்துவருக்குக் காட்டத் தன் குழந்தையின் உடம்பைப் படமெடுத்தார். படம் தானாக மேலே ஏறி, கூகுளின் தானியங்கிச் சோதனையில் சிக்கியது. போலீஸ் விசாரித்து அவர் மேல் குற்றமில்லை என்றது. கூகுள் கணக்கு மட்டும் அவருக்குத் திரும்பவில்லை. கிளினிக்குக்குப் படம் அனுப்பும் தாய்மார்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

*

போலீஸ் பாலாய்க்குக் கூப்பிட்டால்.

கூட்டரசு அரசமைப்பின் 5-ஆவது பிரிவு: எதற்காகக் கைது என்று சொல்ல வேண்டும், தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவின்படி குடும்பத்துக்குத் தகவல் சொல்லலாம். 112-ஆவது பிரிவில் வாக்குமூலம் எடுப்பார்கள். தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். ஆனால் சோதனையின்போது கணினித் தரவைத் திறந்து காட்ட வேண்டும், பாஸ்வர்டு உட்பட, அது 116பி. சொஸ்மா கைது என்றால் வழக்கறிஞரைப் பார்ப்பது 48 மணி நேரம் வரை தள்ளிப் போகலாம்.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் தேசிய சட்ட உதவி அறக்கட்டளை இருக்கிறது. 2011-இல் அமைந்தது. கைது, தடுப்புக் காவல் கட்டத்திலேயே அதன் வழக்கறிஞர்கள் வருவார்கள். லோக்காப்பில் இருக்கும் மகனுக்காகச் சங்கிலியை அடகு வைக்கும் முன் அதைக் கேட்டுப் பாருங்கள். “எல்லாத்தையும் ஒத்துக்கிட்டா விட்டுருவாங்க” என்று யாராவது அண்ணன் முறையில் புத்தி சொன்னால், அந்தப் பேச்சைக் கேட்க வேண்டாம்.

*

தவறி வந்துவிட்டால் என்ன செய்வது? குமாஸ்தா அனுபவத்தில் சொல்கிறேன், வழக்கறிஞரின் ஆலோசனைக்கு இது ஈடல்ல.

மென்பொருளை மூடு, இணைப்பைத் துண்டி. யாருக்கும் காட்டாதே, “இதைப் பாரு, என்னமோ வந்துருக்கு” என்று அனுப்பினால் அது பரப்பல். ஸ்கிரீன்ஷாட் எடுக்காதே. எங்கிருந்து வந்தது, எந்தப் பெயரில், எத்தனை மணிக்கு என்று தாளில் எழுதி வை. குழந்தை சம்பந்தப்பட்டது என்றால் அன்றைக்கே ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, அவரோடு போய்ப் போலீஸ் ரிப்போர்ட் செய். விசாரணை தொடங்கிவிட்டது தெரிந்த பிறகு எதையும் அழிக்காதே. சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம்.

வராமல் பார்த்துக்கொள்ளச் செய்ய வேண்டியவை சுலபம். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் தானாகத் தரவிறங்கும் அமைப்பை நிறுத்துங்கள். வாட்ஸ்அப் படங்கள் படத்தொகுப்பில் சேராதபடி வையுங்கள். முகம் தெரியாத குழுக்களை விட்டு வெளியே வாருங்கள். வீட்டு வைஃபையின் பாஸ்வர்டை மாற்றுங்கள், வாடகைக்கு இருப்பவரிடம் சொந்த இணைப்பு எடுக்கச் சொல்லுங்கள். பழைய கைப்பேசி வாங்கினால் முழுக்கத் துடைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். பென்டிரைவில் படம் போட்டுத் தரும் கடையில் என்னென்ன சேர்ந்து வருகிறது என்று வாங்கியவருக்குத் தெரியாது. வாங்காமல் இருப்பதே மேல்.

*

ஆலய நிர்வாகங்களுக்கும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருவிழா மேடையில் ஆடல் பாடலுக்கு நடுவே ஒரு வழக்கறிஞருக்கு அரை மணி நேரம் கொடுங்கள். 114ஏ என்றால் என்ன, சட்டம் 792 என்றால் என்ன என்று அவர் தமிழில் சொல்லட்டும். பெற்றோர் கைப்பேசியோடு வரட்டும். தானாகத் தரவிறங்குவதை எப்படி நிறுத்துவது என்று பிள்ளைகளே அங்கேயே செய்து காட்டட்டும். குழந்தை துன்புறுத்தப்படுவது எந்த வழியில் தெரிய வந்தாலும், டாலியான் காசே எண் 15999, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். அந்த எண்ணை மேடையின் பின்திரையில் பெரிதாக எழுதிப் போடுங்கள்.